தென்சீனக் கடலில் தரைப்படைகள்

சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருணை, தைவான் ஆகியவை உரிமை கோரும் தென்சீனக் கடலில் கப்பல்களே கண்ணில் படுகின்றன. ஆனால் யார் எங்கே நிலைத்திருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பதில் கரையில் நிற்கும் வீரர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதற்கு மிகத் தெளிவான சான்று இரண்டாம் தாமஸ் திட்டு. 1999-இல் பிலிப்பைன்ஸ் ‘சியரா மாட்ரே’ என்ற, இரண்டாம் உலகப்போர்க் காலத் தரையிறக்கக் கப்பலை அங்கே வேண்டுமென்றே தரைதட்டவிட்டது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த அந்தக் கப்பலில் மரைன் வீரர்களின் சிறு குழு முறைவைத்துத் தங்கி வருகிறது. அவர்களுக்கு உணவும் நீரும் கொண்டுசெல்லும் படகுகளைச் சீனக் கடலோரக் காவற்படை பலமுறை நீர்பீய்ச்சித் தடுத்துள்ளது. 2024 ஜூன் 17 மோதலில் பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். எந்த வரைபடக் கோட்டையும்விட இந்தச் சிலரின் இருப்பே அத்திட்டின் மீதான உரிமையைத் தாங்கி நிற்கிறது.

சீனாவும் தரையில் காலூன்றவே முயன்றது: 2013 இறுதியிலிருந்து இக்கடலின் ஸ்பிராட்லி தீவுக்கூட்டத்தில் 7 திட்டுகளை மண்கொட்டி உயர்த்தியது. அவற்றில் மூன்றில் ஓடுபாதைகள் உள்ளன.

தரையின் இன்னொரு பங்கு ஏவுகணை. பிலிப்பைன்ஸ் 2022-இல் இந்தியாவிடம் பிரமோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தமிட்டது. முதல் தொகுதி 2024 ஏப்ரலில் சென்றது. சுமார் 290 கி.மீ. எட்டும் இதை லாரியில் ஏற்றி இடம்மாற்றலாம் என்பதால், பெரிய கடற்படை இல்லாத நாடும் எதிரிக் கப்பல்களை எட்ட நிறுத்த முடியும். அதே மாதம் அமெரிக்கத் தரைப்படை தன் ‘டைஃபான்’ ஏவுகணை அமைப்பை வடக்கு லூசோனுக்குக் கொண்டுவந்தது. சீனா அதைக் கடுமையாக எதிர்க்கிறது.