கேட்கக் கற்றவர்கள்

இறுதிநாள்களை எண்ணிப் படுத்திருப்பவரின் அருகே அமர்வதற்குப் பயிற்சியும் வேண்டுமோ? அன்பு நெஞ்சம் இருந்தால் போதாதா? நம்மில் பலர் இவ்வாறே எண்ணி வந்தோம். வரலாறு தரும் விடை வேறு.

கணவரையும் இரு குழந்தைகளையும் இழந்த ழான் கார்னியே, 1842இல் பிரான்சின் லியோன் நகரில் தம்மையொத்த கைம்பெண்களைத் திரட்டி, தீராநோயாளரைப் பேணும் சங்கத்தை நிறுவினார். ஒரு நூற்றாண்டு கழித்து, இலண்டன் மருத்துவமனையொன்றில் சமூகப் பணியாளராயிருந்த சிசிலி சாண்டர்ஸ், புனித லூக்கா இல்லத்துக்கு மாலைவேளைகளில் தொண்டராகச் சென்றார். வலி வந்தபின் அன்று, அது தலைதூக்குமுன்பே நேரந்தவறாது மருந்தளிக்கும் வழக்கத்தை அவர் அங்கேதான் கண்டார். பின்னர் மருத்துவமும் பயின்று, 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். உலகெங்கும் ஹாஸ்பிஸ் எனப்படும் இல்லங்களுக்கு முன்மாதிரியான அதன் வேர், ஒரு தொண்டர் கண்ட காட்சியிலே இருக்கிறது.

நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு வலிதணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினர். பேருந்தேறி வர இயன்றவர் பயனடைந்தனர். பாயோடு பாயாய்க் கிடந்தவர் என் செய்வர்? ஆகவே அப்பத்தாண்டின் இறுதியில், மலப்புரம் மாவட்டத்தில் அண்டைவீட்டாரையே தொண்டராக்கும் முயற்சி எழுந்தது. 16 மணிநேர வகுப்பு, பிறகு மேற்பார்வையுடன் 4 நாள் நேரடிப் பயிற்சி. மாணவரும் உழவரும் வணிகரும் இல்லத்தரசியரும் வந்தமர்ந்தனர்.

படுக்கைப்புண்ணைக் கழுவுவதும் நோயாளியை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைப்பதும் எளிதில் கைவந்தன. வாயடக்கமே அரிது. “ஒன்றுமில்லை, எல்லாம் சரியாகிவிடும்” என்போம். நோயாளி சொல்லவந்ததை விழுங்கிவிடுவார். (“எல்லாம் இறைவன் சித்தம்” என்று நாம் சொல்லிவிட்டு எழுந்து வந்த வீடுகளை எண்ணுகையில் நாணமே மிஞ்சுகிறது.) பேசாமல் கேட்டவருக்கோ வேறு செய்திகள் கிடைத்தன: அடுக்களையில் அரிசி இல்லை, மகள் பள்ளிக்குப் போகவில்லை. மருந்துச்சீட்டில் அடங்காத இத்துயரங்களுக்காகத் தொண்டர்கள் ஊரில் சிறுதொகைகள் திரட்டினர். அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் அவர்கள் பணியாயின.

2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடுதேடி வரலாயினர். அவர்கள் வந்து திரும்பும் நாள்களுக்கு இடையே கதவைத் தட்டுபவர் பக்கத்து வீட்டுக்காரர். “நேற்றிரவு உறங்கினீர்களா?” என்று கேட்டுவிட்டு, அவர் விடைக்குக் காத்திருக்கிறார்.