ஒன்பது நிமிசப் பறப்பும் ஒரு சைக்கிள் டைனமோவும்

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரக் கூடாதெண்டு அரசாங்கம் தடை போட்ட சாமான்களில பற்றரியும் ஒண்டு. கரண்டும் இல்லை. புத்தூரில எங்கட வீட்டில சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டிருக்கினம். செய்தி முடிஞ்ச உடன நிப்பாட்டிவிடுவினமாம். பழைய பற்றரிகளை வெயிலில காயவைச்சு இன்னும் கொஞ்சம் பாவிப்பினமாம். "இது எவ்வளவு நேரம் தாங்கும்?" அந்தத் தலைமுறையின் கேள்வி இது.

மின்சார விமானத்தின் வரலாறும் இதே கேள்வியில்தான் தொடங்குகிறது. 1973 ஒக்ரோபர் 21 அன்று ஒஸ்ரியாவின் வெல்ஸ் நகரில், ஹைனோ பிரடிச்கா ஒரு மோட்டார் கிளைடரில் ஏறிப் பறந்தார். பெற்றோல் எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டாரும் நிக்கல்-கட்மியம் பற்றரியும். எம்பி-இ1 என்ற அந்த விமானம் வானில் நின்றது ஏறத்தாழ 9 நிமிடம். மனிதரைச் சுமந்த முதல் மின்சார விமானம் அதுதான்.

ஏன் கிளைடர்? ஒரு கிலோ பெற்றோலில் சுமார் 12,000 வாட்-மணி சக்தி இருக்கு. இண்டைய நல்ல லித்தியம் செல்லிலேயே கிலோவுக்கு 250 அளவுதான். ஆனால் கிளைடருக்கு மேலே ஏற மட்டும் மோட்டார் போதும். பிறகு அதை நிப்பாட்டிவிட்டு, சூடாகி மேலெழும் காற்றைப் பிடித்து மணிக்கணக்காக மிதக்கலாம். எங்கட ஆக்கள் செய்திக்கு மட்டும் டைனமோ சுத்தின அதே சிக்கனம். லித்தியம் வந்தபிறகு, ஜேர்மனியின் அன்ராரெஸ் 20இ ஒரு சார்ஜில் ஏறத்தாழ 3,000 மீற்றர் ஏறியது.

ஆனால் கனக்கச் சக்தியைச் சின்ன இடத்தில அடைச்சால் ஆபத்தும் கூடும். ஒரு செல் உள்ளுக்குள் ஷோர்ட் ஆனால் சூடாகும்; அந்தச் சூடு பக்கத்துச் செல்லையும் பிடிக்கும்; எரியக்கூடிய வாயு வெளிவரும். 2017 ஓகஸ்டில் தென் இங்கிலாந்தில் ஒரு மின்சாரக் கிளைடர் தரையிறங்கும் நேரம் பற்றரி தீப்பிடித்தது. விமானி காயமின்றித் தப்பினார். அதே தீ வானத்தில பிடிச்சிருந்தால்? றோட்டில எண்டால் வாகனத்தை விட்டிட்டு ஓடலாம்.

2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் நிண்ட நாட்களில, நாங்கள் நாலைஞ்சு பேர் பழைய லப்டொப் செல்லுகளைக் கழட்டி, காவல் சேர்க்கிட் ஒண்டும் போடாமல் பற்றரி கட்டினம். ஒரு இரவு அது கைவைக்க ஏலாமல் சூடாகிச்சுது. முற்றத்தில கொண்டுபோய் வைச்சிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டு இருந்தம். அப்பாவின்ர காலத்துப் பற்றரி செத்துப்போகும், அவ்வளவுதான். எங்கட காலத்துப் பற்றரி வீட்டையும் எரிக்கும். "எவ்வளவு நேரம் தாங்கும்" எண்டு கேட்கிற நாங்கள், "எவ்வளவு சூடு தாங்கும்" எண்டும் கேட்கவேணும்.