புயத்து வலியும் புத்தூர்க் கட்டும்

சரித்திரம் என்றவுடன் மன்னரும் போரும் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் சரித்திரமோ, தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட ஒன்றரைச் சாண் நீளத்துக்குள் அடங்குவது.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரம் நெடுங்காலம் ஏரிப் பாசனப் பூமி. ஏரி நீர் ஏறாத மேட்டு நிலத்துக்கு ஏற்றம் இறைத்தார்கள்; வீடுகளில் உலக்கை பிடித்து நெல் குத்தினார்கள். இரண்டும் புயத்தின் வேலை. பின்னர், 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. உலக்கை பிடித்த கை சுத்தியலும் அரமும் பிடிக்கக் கற்றது. தொழில் மாறிற்றே தவிர, புயத்தின் முன்புறத்து இருதலைத் தசையும் பின்புறத்து முத்தலைத் தசையும் மாறவில்லை. அளவு மீறி இழுபட்டால் அவற்றின் நார்கள் சில அறுபடும். அவ்விடம் வீங்கி வலிக்கும்.

அதற்கு நம் பாட்டிமார் செய்த சிகிச்சை யாது? உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தார்கள். நொச்சி, ஆமணக்கு இலைகளை வதக்கிக் கட்டினார்கள். புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, பொறுக்கும் சூட்டில் பற்றுப் போட்டார்கள். இவற்றில் எனக்கு மிகவும் மதிப்பு பற்றின்மேல்தான். புளியில் என்ன மருந்துச் சத்து உண்டு என்று ஆராய்வதற்கு முன்னே, ஒன்றைக் கவனியுங்கள். பற்று காய்ந்ததும் விறைத்துப் போகிறது. பற்றுப் போட்ட கையை எவரும் வேலைக்கு நீட்டமாட்டார். நீட்டினால் உதிர்ந்துவிடும், பாட்டியும் அதட்டுவாள்! அறுபட்ட நாருக்கு வேண்டிய முதல் மருந்தாகிய ஓய்வு இவ்வாறு தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஒற்றடத்துக்குக் காலம் பார்க்க வேண்டும். வெப்பம் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், பழகிய வலிக்கும் விறைப்புக்கும் அது நல்லது. அடிபட்ட முதல் இரண்டு நாள் வீக்கத்துக்கு ஆகாது. அப்போது குளிர்ந்த ஈரத் துணியே ஏற்றது. சுளுக்கு வழிப்பதாகச் சொல்லிப் புதிய வீக்கத்தை அழுத்தித் தேய்ப்பதும் தவறே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உழைப்போ அடியோ இல்லாமல், நெஞ்சு இறுக்கத்துடனும் வியர்வையுடனும் கையில் வலி பரவினால் அது சுளுக்கன்று. இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அங்கே தைலத்தைத் தேடிக் காலத்தை வீணாக்கலாகாது.

வீட்டு மருந்துக்கு அடங்காத கையைத் தூக்கிக்கொண்டு நம் வட்டாரத்தார் போன இடம் புத்தூர். தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை ஆவடி, திருவள்ளூர் வழியாகவே அரக்கோணம் சென்றது. அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டாவை நோக்கிச் செல்லும் பாதையில் திருத்தணிக்கு அப்பால் இருப்பது புத்தூர். 1953 வரை அது சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த ஊர். இன்று ஆந்திரத்தில் உள்ளது. அதை அடுத்த சிற்றூர் ஒன்றில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ராஜு குடும்பத்தார் தொடங்கிய எலும்புக் கட்டே புத்தூர்க் கட்டு. பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தோய்ந்த துணி, அதன்மேல் மூங்கில் பத்தை. கத்தி இல்லை, செலவு குறைவு. ஆகவே ஏழை எளியோர் நாடிச் சென்றதில் வியப்பில்லை. முறிவா சுளுக்கா என்பதைக் கை விரலால் தடவியே தீர்மானித்தார்கள். இதை எள்ளி நகையாட வேண்டாம். ராண்ட்ஜன் ஊடுகதிரைக் கண்டது 1895-இல். அதுவரை ஐரோப்பிய மருத்துவர்க்கும் விரலே கண்.

ஆயினும் கட்டில் ஓர் ஆபத்து உண்டு. அதை 1881-இல் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மான். இறுகக் கட்டிய கையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை மடிகிறது. பின்னர் விரல்கள் வளைந்தபடியே நிலைத்துவிடுகின்றன. கட்டியவர் வைத்தியரானாலும் டாக்டரானாலும் இந்த விதி ஒன்றே. கட்டுப் போட்ட கையின் விரல்கள் நீலம் பாய்ந்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும், அவற்றை நீட்டும்போது தாங்கொணா வலி எழுந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில மணி நேரத் தாமதமே ஒரு கையைப் பறித்துவிடும்.

லிவர்பூல் நகரில் ஈவான் தாமஸ் என்ற எலும்பு கட்டுபவர் இருந்தார். பரம்பரைத் தொழில், மருத்துவப் பட்டம் கிடையாது. அவர் தம் புதல்வர்களை மருத்துவக் கல்விக்கு அனுப்பினார். அவர்களுள் ஒருவரான ஹியூ ஓவன் தாமஸ், அசையாத ஓய்வே எலும்புக்கு மருந்து என்று வற்புறுத்தி, அதற்கான சாதனங்களையும் அமைத்தார். அவர் பெயர் தாங்கிய பத்தை முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. நம் நாட்டில் 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு சுதேச வைத்தியத்தை ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன்பின் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளியும் ஏற்பட்டது. சித்தமும் ஆயுர்வேதமும் யுனானியும் வகுப்பறைக்குள் வந்தன. எலும்பு கட்டுபவரின் விரல்நுனி அறிவு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் 'புத்தூர்க் கட்டு' என்ற பலகைகளை இன்றும் சாலையோரத்தில் காணலாம். கட்டுப் போடுபவர்களிலும் பலர், ஊடுகதிர்ப் படம் எடுத்து வரச்சொல்லி, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே மூங்கில் பத்தையைக் கையில் எடுக்கிறார்கள்.