கொடுக்கும் கையும் பக்கத்து ஆளும்

கி.பி. 311-ஐ ஒட்டிய காலம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குச் செசீலியன் ஆயரானார். அவரை அபிஷேகம் செய்தவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ், 303-இல் பேரரசர் தியோக்கிளேசியன் தொடங்கிய துன்புறுத்தலின்போது வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் என்று எதிர்ப்பாளர்கள் குற்றம் சாட்டினார்கள். பின்னால் நடந்த விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்றே தீர்ப்பானது. ஆனாலும் பிளவு நின்றபாடில்லை. விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்த கை தரும் ஞானஸ்நானம் செல்லாது என்றவர்கள், தங்கள் தலைவர் தொனாத்துஸின் பெயரால் தொனாத்தியர் எனப்பட்டார்கள்.

தமிழ்ச் சபைகளில் இதற்கு அருகே வைத்துப் பார்க்கத்தக்க பிளவு தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் நிகழ்ந்தது. திருவிருந்தில் வேளாளர் முதலில், ஒடுக்கப்பட்டோர் பிறகு. உட்காரும் இடமும் தனித்தனி. ஷ்வார்ட்ஸ் போன்ற பழைய மிஷனரிகள் சகித்துக்கொண்டிருந்த இந்த வழக்கத்தை, கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பித் தடைசெய்தார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். ஷ்வார்ட்ஸின் மாணவரும் பெரும் கிறிஸ்தவக் கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக வாதாடினார் என்பது, அவர் பாடல்களை நேசிக்கிற எவரையும் வருத்தும் செய்தி.

இரண்டு இடத்திலும் சண்டை மூண்டது சடங்கைச் சுற்றித்தான். இரண்டிலும் கேட்ட கோரிக்கை தூய்மை. ஒற்றுமை அதோடு முடிகிறது. ஆப்பிரிக்காவில் சந்தேகத்துக்குள்ளானது கொடுக்கிறவர் கை. தஞ்சையில், அதே கிண்ணத்தில் வாய்வைக்கிற பக்கத்து ஆள். தொனாத்தியர் பேசியது ஒருவர் செய்த செயலைப் பற்றி. உயிர்விட்ட இரத்தசாட்சிகளின் நினைவு அவர்கள் பின்னால் நின்றது. எதிரணியிலிருந்து வந்தவருக்கு அவர்கள் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். கடுமைதான், ஆனால் வாசல் திறந்திருந்தது. சாதி பார்த்தவர்களிடம் அந்த வாசலும் இல்லை. பிறப்பால் வந்ததாகச் சொன்ன தீட்டை எந்த ஞானஸ்நானமும் கழுவவில்லை. ஆகவே தொனாத்தியர் பிடிவாதத்தை என்னால் மதிக்க முடிகிறது. தஞ்சையின் பிடிவாதத்தை முடியவில்லை.

தொனாத்தியருக்கு ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் சொன்ன பதில், சடங்கு கிறிஸ்துவுடையது, கொடுக்கிறவரின் அழுக்கு அதில் ஒட்டாது என்பது. கொடுப்பவர் கறையே ஒட்டாதபோது பக்கத்தில் நிற்பவரின் பிறப்பு எப்படி ஒட்டும்? தஞ்சைக்கும் இதுவே போதுமான பதில். அகுஸ்தீன் அதோடு நிற்காமல், அரசு வற்புறுத்தித் திருப்புவதையும் பின்னர் ஆதரித்தார். 411-இல் கார்த்தேஜில் அரசு கூட்டிய விவாதம் தொனாத்தியருக்கு எதிராகத் தீர்ந்தது. ஆனாலும் அவர்கள் எளிதில் மறையவில்லை. வில்சனின் ஆணையும் மனங்களைத் திருப்பவில்லை. வெளியேறியவர்களில் பலர், சாதி விஷயத்தில் நிதானம் காட்டிய ஜெர்மானிய லைப்சிக் மிஷனிடம் போனார்கள். அதன் தலைவர் கார்ல் கிரௌல், சாதியைச் சமூக வழக்கமாகக் கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றார்.

மலாயாவின் தமிழ் லுத்தரன் சபைகளுக்கு வேர் அந்த மிஷன் வளர்த்த சபைகளில் இருக்கிறது. கங்காணி ஆள்சேர்த்த தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்திருந்ததுண்டு. 1903-இல் ஃபூச்சோ சீனக் கிறிஸ்தவர்கள் குடியேறிய கதையை மலாயாவின் சித்தியவான் நகரம் பெருமையோடு சொல்கிறது. அதே வட்டாரத் தமிழ்ச் சபைகளின் கதையை எழுதப்போகிறவர்கள், கப்பலேறிய ஆண்டைத் தேடுவதற்கு முன் 1833-இலிருந்து தொடங்க வேண்டும்: வேப்பேரியில் யார் எழுந்து போனார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து.