ஹெலிகாப்டர் ஓட்டுவதும் ஒரு பொழுதுபோக்கா? அடையாறு, தி.நகர்வாசிக்கு அது சாத்தியமா?

தமிழ்நாட்டில் ஹெலிகாப்டர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது தேர்தல் பிரச்சாரம், கும்பாபிஷேகத்தில் பூ தூவுவது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடிகளுக்கு மேலே வந்து உணவுப் பொட்டலம் போட்ட விமானப்படை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் சும்மா ஜாலிக்காக ஹெலிகாப்டர் எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.

ஆனால் பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் இது பழைய பொழுதுபோக்கு. சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த சின்ன ஹெலிகாப்டரில் நண்பர்கள் கூட்டமாகப் பறந்து, ஏதாவது ஒரு ஹோட்டல் புல்வெளியில் இறங்கி, மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புவார்கள். நம்ம ஊர் பைக்கர்கள் ஈசிஆரில் டிபன் சாப்பிடப் போவது மாதிரிதான். இரண்டு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்22, நான்கு பேர் உட்காரும் ஆர்44 ஆகியவைதான் இவர்களிடம் அதிகம் புழங்கும் மாடல்கள்.

உலகப் போட்டியே நடக்கிறது

1971-ல் அப்போதைய மேற்கு ஜெர்மனியின் பியூக்கபுர்க் நகரில் முதல் உலக ஹெலிகாப்டர் சாம்பியன்ஷிப் நடந்தது. வேகப் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். போட்டி முழுக்க நிதானத்துக்குத்தான். உதாரணத்துக்கு ஸ்லாலோம் என்ற பிரிவு. பைலட் ஓட்டுவார், பக்கத்தில் இருப்பவர் கயிற்றில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்வார். வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வாளியைக் கொண்டுபோய், கடைசியில் ஒரு மேஜை மேல் வைக்க வேண்டும். தண்ணீர் சிந்தினால் மதிப்பெண் போச்சு. லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கிய சென்னைக்காரர்களுக்கு இந்த விளையாட்டின் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

சரி, சென்னையில் முடியுமா?

சட்டம் தடுக்கவில்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ, ஹெலிகாப்டருக்கென்றே தனியார் பைலட் லைசென்ஸ் தருகிறது. 17 வயது, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, மருத்துவத் தகுதி, தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறக்கும் பயிற்சி ஆகியவை தேவை. இந்த லைசென்ஸை வைத்துச் சம்பாதிக்க முடியாது. சொந்த சந்தோஷத்துக்குப் பறக்கலாம்.

எங்கே கற்றுக்கொள்வது என்பதில்தான் சிக்கல். விமானம் ஓட்டும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்செலிஸ் 1910-லேயே சிம்சன் பட்டறையில் ஒரு விமானம் செய்து பறந்து காட்டியவர். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்புக்கும் ஏறக்குறைய நூறு வயது. ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகியது செஸ்னா மாதிரியான இறக்கை விமானங்கள். ஹெலிகாப்டர் பயிற்சிக்குப் பக்கத்தில் பெயர் சொல்லும்படி இருப்பது பெங்களூருவின் ஹெச்ஏஎல் ரோட்டரி விங் அகாடமி. அதுவும் தொழில்முறை பைலட்டுகளை உருவாக்கும் இடம், பொழுதுபோக்குக்கான கிளப் அல்ல.

லைசென்ஸ் வாங்கிட்டோம்னே வெச்சுக்குவோம். ஆர்44 மணிக்குச் சுமார் 55 முதல் 60 லிட்டர் பெட்ரோல் குடிக்கும், அதுவும் விமானங்களுக்கான தனி ரக பெட்ரோல். 2,200 மணி நேரம் பறந்தாலோ, 12 வருடம் ஆனாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது மொத்தமாகப் பிரித்து ஓவர்ஹால் செய்தாக வேண்டும். ஷெட்டிலேயே நின்றிருந்தாலும் இந்தச் செலவு தப்பாது. போட் கிளப் ரோட்டில் பெரிய பங்களாவே இருந்தாலும், டிஜிசிஏ அனுமதி பெற்ற ஹெலிபேடாக இல்லாத மொட்டை மாடியில் இறங்க முடியாது. போதாக்குறைக்கு, தென்சென்னையின் வானம் கிட்டத்தட்ட முழுக்க மீனம்பாக்கம் விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையின் கையில் இருக்கிறது.

சென்னையின் ஹெலிகாப்டர் ஹாபி தரையில் நிற்கிறது

அதனால் இங்கே இந்த ஆசை வேறு வடிவம் எடுத்தது: ரிமோட் ஹெலிகாப்டர். இதைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவர் நடிகர் அஜித் குமார். கார், பைக் ரேஸ் தவிர ரிமோட் ஹெலிகாப்டர், சிறிய ரக விமானங்களில் அவருக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்து, 2018-ல் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் தக்‌ஷா மாணவர் அணி அவரை ஹெலிகாப்டர் டெஸ்ட் பைலட்டாகவும் ஆலோசகராகவும் சேர்த்துக்கொண்டது. ஒரு வருகைக்கு 1,000 ரூபாய் சம்பளம் என்றும், அதை ஏழை மாணவர்களுக்கே அவர் கொடுத்துவிட்டார் என்றும் அப்போது செய்திகள் வந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த 'மெடிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆளில்லா விமானப் போட்டியில் தக்‌ஷா இரண்டாம் இடம் பிடித்தது. ஊருக்கு வெளியே தனியாகக் கிடக்கும் நோயாளிக்கு விமானம் தானாகவே பறந்துபோய் உதவ வேண்டும் என்பது போட்டியின் அடிப்படை.

நான்கு ரோட்டர் ட்ரோனும் ரிமோட் ஹெலிகாப்டரும் ஒன்றல்ல. சாதாரண கேமரா ட்ரோனில் கையை எடுத்தால் அது ஜிபிஎஸ் பிடித்து அப்படியே நிற்கும். ஹெலிகாப்டரில் பொதுவாக அந்த வசதி கிடையாது. ரோட்டர் பிளேடின் சாய்வை மாற்றித்தான் ஏற்றம், இறக்கம், திருப்பம் எல்லாமே. அந்தச் சாய்வை எதிர்த் திசைக்கும் கொண்டுபோகலாம் என்பதால் தலைகீழாகவும் பறக்கும். எஃப்3சி, எஃப்3என் என்று சர்வதேசப் போட்டிப் பிரிவுகள் இதற்கு இருக்கின்றன. எஃப்3என்னில் பாட்டுக்கு ஏற்றபடி சாகசம் காட்டும் சுற்றுகூட உண்டு.

இது பொம்மை இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய மாடல்களில் ரோட்டர் நிமிடத்துக்கு 2,000 முறை அளவில் சுழலும். 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு பூங்காவில் ரிமோட் ஹெலிகாப்டர் ஓட்டிய 19 வயது இளைஞர், தன் ஹெலிகாப்டரின் பிளேடு வெட்டியே உயிரிழந்தார். அவர் அனுபவமுள்ளவர். அதனால்தான் முதல் சில மாதங்கள் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் மட்டும் ஓட்டச் சொல்வார்கள். சிமுலேட்டரில் விழுந்தால் செலவும் இல்லை, காயமும் இல்லை.

மொட்டை மாடியில் இருந்து பறக்க விடலாமா?

பெரும்பாலும் கூடாது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள் ரிமோட் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் மட்டுமே அனுமதி இல்லாமல் பறக்கலாம். 8 கிலோமீட்டருக்குள் தரையில் இருந்தே அனுமதி தேவை. சிவப்பு மண்டலம் என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடவே முடியாது. தி.நகர் பெரும்பாலும் 8 கிலோமீட்டருக்குள் வந்துவிடும், அடையாறு அதன் விளிம்பில், மயிலாப்பூர் அதைத் தாண்டிய வளையத்தில். கூடவே முக்கியப் பிரமுகர்கள் வரும் நாட்களில் காவல்துறை தனியாகத் தடை போடும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் தெருவைப் பார்க்காமல் எதையும் மேலே அனுப்பாதீர்கள். விதி மீறினால் ட்ரோன் விதிகளின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எடையையும் கவனியுங்கள். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை இருக்கும் சின்ன ஹெலிகாப்டரை 'மைக்ரோ' என்பார்கள். 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாவிட்டால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். போட்டிகளில் பறக்கும் பெரிய மாடல் 5 கிலோவைத் தொடும், அதற்குச் சான்றிதழ் கட்டாயம். 18 வயதும் பத்தாம் வகுப்பு தேர்ச்சியும் வேண்டும். 250 கிராமுக்கு மேல் எதுவாக இருந்தாலும் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருந்து வரும் சித்தப்பாவிடம் வாங்கி வரச் சொல்லும் எண்ணம் இருந்தால் பொறுங்கள். 2022 பிப்ரவரி முதல் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. பயிற்சிக்கு நகரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் ஆளில்லா விமானக் கழகம் அதே குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில்தான் இருக்கிறது, ரிமோட் பைலட் பயிற்சியும் தருகிறது.