அழிக்கக் கூடாத கோப்பு: ஒரு சின்ன வரலாறு

நெய்யூரில் ஒரு கடையில் பில் போட்டுக் கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது என்று வைத்துக் கொள்வோம். சரக்கு இருப்பில் ஒரு மூட்டை குறைந்துவிட்டது. அதற்கான பணக் கணக்கு இன்னும் வன்தட்டில் (ஹார்ட் டிஸ்க்) ஏறவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் கணினி எதை நம்பும்? பற்று எழுதிவிட்டு வரவை விட்டால் இருப்பாய்வு ஒத்துப் போகாது என்பது காமர்ஸ் மாணவர் எல்லோருக்கும் தெரியும்.

தரவுத்தள மென்பொருளுக்கு இது பழைய தலைவலி. 1970களில் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் ஒரு வழி கண்டார்கள். பழைய பக்கத்தைத் தொடாமல் வைத்துக் கொண்டு, புதிய பக்கத்தை வட்டில் வேறு இடத்தில் எழுதினார்கள். நடுவில் தடங்கல் வந்தால் பழையது பத்திரமாக இருக்கும். ஆனால் பெரிய தரவுத்தளங்களுக்கு இது ஒத்துவரவில்லை. பக்கங்கள் வட்டில் சிதறி, வேகம் குறைந்தது.

மற்றொரு வழி, கணக்கர்கள் காலம் காலமாகச் செய்வதுதான். முதலில் குறிப்பேடு, பிறகு பேரேடு. எந்த மாற்றமானாலும் முதலில் 'லாக்' கோப்பில் எழுத வேண்டும். அது வட்டில் பதிந்த பிறகுதான் அட்டவணையின் பக்கத்தை வட்டில் மாற்ற வேண்டும்.

இந்த முறைக்கு முழு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன். 1977ல் சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று ஐபிஎம்மில் சேர்ந்தவர். அவரும் நான்கு சக ஆய்வாளர்களும் 1992ல் வெளியிட்ட முறையின் பெயர் 'ஏரீஸ்'. கணினி விழுந்து எழுந்ததும் மூன்று சுற்று வேலை நடக்கும்:

1. எங்கே நின்றோம் என்று லாக்கைப் படித்துப் பார்ப்பது.
2. லாக்கில் உள்ளதை வரிசையாகத் திரும்பச் செய்வது.
3. பாதியில் நின்ற வேலைகளை ரத்து செய்வது.

ரத்து செய்வதையும் லாக்கில் எழுதுவார்கள். தப்பான பதிவை ரப்பர் வைத்து அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுகிறோமே, அது போலத்தான். மீட்கும்போதே மறுபடி கரண்ட் போனாலும் குழப்பம் வராது.

சரி, இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் தரவு எப்படித் தொலைகிறது? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2001ல் வந்த 7.1 பதிப்பிலிருந்து அதில் இந்த லாக் முறை உண்டு. கோப்புகள் இருந்த ஃபோல்டரின் பெயர் 'பிஜி எக்ஸ்லாக்'. வட்டு நிரம்பியதும், 'லாக்தானே, தேவையில்லாத குப்பை' என்று நினைத்துச் சிலர் அதை அழித்தார்கள். தரவு மீட்க முடியாமல் போனது. கடைசியில் 2017ல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே 'பிஜி வால்' என்று மாற்றிவிட்டார்கள். காரணம் இதுதான் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதினார்கள்.

எல்லாக் கோப்பும் இப்படி அல்ல. பெரிய அட்டவணையை வரிசைப்படுத்த நினைவகம் போதாதபோது உருவாகும் தற்காலிகக் கோப்பு, நாம் ரஃப் நோட்டில் போடும் கூட்டல் மாதிரி. வேலை முடிந்ததும் மென்பொருளே அழித்துவிடும். மைஎஸ்கியூஎல்லில் பிழை எண் 28 வந்தால் வட்டில் இடமில்லை என்று அர்த்தம். அப்போது வேறு இடத்திலுள்ள வேண்டாத கோப்புகளை நீக்கலாம், தற்காலிகக் கோப்புகளுக்கு வேறு வட்டு காட்டலாம். தரவுத்தள ஃபோல்டருக்குள் மட்டும் கை வைக்கக் கூடாது.

இடம் போதவில்லை என்று குறிப்பேட்டைக் கிழித்துப் போடும் கணக்கரை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்?