யோசனைப் பெட்டி வந்த வழி

ஆலையில் வேலை செய்பவரிடமே அந்த வேலையை எப்படிச் சீர்படுத்தலாம் என்று கேட்பதும், அவர் சொன்னது பயன்பட்டால் பரிசு தருவதும் தொழில் உலகில் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வழக்கம். இதற்கு எழுத்தில் விதி வகுத்து நடத்திய முதல் நிறுவனங்களில் ஒன்று ஸ்காட்லாந்தில் இருந்தது. லெவன் ஆறு கிளைடு ஆற்றில் கலக்கும் இடத்தில் டம்பார்ட்டன் என்ற ஊர் உள்ளது. அங்கே கப்பல் கட்டி வந்த வில்லியம் டென்னி அண்ட் பிரதர்ஸ் நிறுவனம் 1880இல் தன் தொழிலாளர்களுக்கு ஒரு பரிசுத் திட்டத்தை அறிவித்தது. புதிய கருவியைக் கண்டுபிடித்தவர், இருக்கும் இயந்திரத்தைத் திருத்தியவர், ஒரு வேலைக்கென வைத்திருந்த இயந்திரத்தை வேறொரு வேலைக்கும் பயன்படுத்திக் காட்டியவர், வேலையின் தரம் கூடவோ செலவு குறையவோ வழி சொன்னவர் என எல்லோரும் பரிசு கோரலாம். கோரிக்கைகளை ஒரு குழு ஆராய்ந்து தொகையை முடிவு செய்தது.

இத்திட்டம் அந்தத் தளத்தில் தோன்றியது தற்செயல் அல்ல. டென்னி நிறுவனம் சோதனை செய்து பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. மென் எஃகால் ஆன முதல் கடலோடிக் கப்பலான ரோட்டோமஹானாவை 1879இல் கட்டியது அதுதான். 1883இல் கப்பலின் சிறு மாதிரிகளை நீரில் இழுத்துப் பார்க்க ஒரு நீண்ட தொட்டியையும் கட்டியது. வணிக நிறுவனம் ஒன்று தனக்கென அமைத்துக்கொண்ட முதல் சோதனைத் தொட்டி அது. மேலே பொறியாளர்கள் மெழுகு மாதிரிகளை வைத்துக் கணக்குப் போட்ட அதே காலத்தில், கீழே தச்சரும் கொல்லரும் தங்கள் யோசனைகளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். திட்டத்துக்கு மூலகாரணரான இளைய வில்லியம் டென்னி 1887இல் நாற்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் ஒரு நஷ்டத்தின் வழியே நுழைந்தது. ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜான் பேட்டர்சன் நடத்திய நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்துக்கு 1894இல் ஐம்பதாயிரம் டாலர் மதிப்புள்ள கல்லாப் பெட்டி இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தன. அவற்றின் உள்பாகங்களில் யாரோ அமிலம் ஊற்றியிருந்தார்கள். பேட்டர்சன் தம் மேசையை அலுவலகத்திலிருந்து ஆலைத் தளத்துக்கே மாற்றிக்கொண்டு, காரணத்தை நேரில் தேடினார். இருட்டும் அழுக்கும் குறைந்த கூலியும் சேர்ந்த இடத்தில் யாருக்கும் வேலையில் அக்கறை இருக்க வழியில்லை என்பது அவருக்குப் புரிந்தது. சுவர் முழுக்கச் சன்னல் வைத்த கட்டடங்கள், சூடான மதிய உணவு, கழுவும் அறைகள் என அவர் செய்த மாற்றங்களோடு யோசனைத் திட்டமும் வந்தது. 1898இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் இதைப் பின்பற்றியது. அங்கே முதல் பரிசு வாங்கியவர் சொன்னது மிக எளிய விஷயம்: சன்னல் கண்ணாடிகளைக் கழுவினால் வேலை செய்யும் இடத்துக்கு வெளிச்சம் வரும். அதற்கு இரண்டு டாலர் கிடைத்தது. நிர்வாகத்தின் கண்ணில் படாத ஒன்று, மங்கிய வெளிச்சத்தில் நாள் முழுதும் நின்றவருக்குப் பட்டிருந்தது.

ஆனால் அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலான ஆலைகளில் பெட்டி வெறுமையாகவே தொங்கியது. தொழிலாளிக்கு யோசனை வராததால் அல்ல. சொன்னால் தனக்கே கேடு என்று அவர் கண்டிருந்ததால். இதை மிகத் தெளிவாக எழுதி வைத்தவர் பிரடெரிக் டெய்லர். பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் 1878இல் சேர்ந்து, கடைசல் பட்டறையில் மேற்பார்வையாளராக உயர்ந்த அவர், ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதைக் கண்டார். துண்டுக்கு இவ்வளவு கூலி என்று இருக்கும்போது, ஒருவர் விரைவான முறையைக் கண்டுபிடித்துக் கூடுதலாகச் சம்பாதித்தால், முதலாளி உடனே துண்டுக் கூலியைக் குறைத்துவிடுவார். பிறகு எல்லோரும் அதே கூலிக்கு இரட்டிப்பு வேலை செய்ய வேண்டும். ஆகவே நல்ல முறை தெரிந்தவர்கள் அதை மறைத்தார்கள். புதிதாக வந்தவர் வேகம் காட்டினால் பழையவர்கள் அடக்கினார்கள்.

நோயை இவ்வளவு சரியாகக் கண்ட டெய்லர் கொடுத்த மருந்துதான் வேறு திசையில் போனது. வேலையைத் திட்டமிடுவதைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுத்துத் தனித் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். கடிகாரத்தோடு நின்ற பொறியாளர் ஒவ்வொரு அசைவையும் அளந்து ‘ஒரே சிறந்த முறை’யை வகுத்தார், தொழிலாளி அதை நிறைவேற்றினார். 1911இல் வந்த அவரது ‘அறிவியல் முறை மேலாண்மையின் கோட்பாடுகள்’ என்ற நூல் உலகெங்கும் பரவியது. உற்பத்தி பெருகியது உண்மை. ஆனால் சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர் என்ற பிளவு ஆலைகளில் நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு யோசனைப் பெட்டி பல இடங்களில் வாசலோரத்து அலங்காரமாகவே இருந்தது.

இந்த வழக்கம் முழு வளர்ச்சி கண்ட இடம் ஜப்பான். அங்கே இதற்கு முன்னோட்டம் ஒன்றும் உண்டு. 1721இல் ஷோகன் யோஷிமுனே எடோ நகரில் ஒரு மனுப் பெட்டி வைத்தார். குடிமக்கள் போட்ட தாள்களை அவரே எடுத்துப் படித்தார். அப்படி ஒரு மருத்துவர் கொடுத்த மனுவால்தான் அடுத்த ஆண்டு ஏழைகளுக்கான கோய்ஷிகாவா மருத்துவமனை தோன்றியது. ஆனால் ஆலைக்குள் யோசனை வளர்ந்ததற்கு நேரடிக் காரணம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடி.

டொயோட்டா நிறுவனத்தின் மூலவரான சாகிச்சி டொயோடா 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். கைத்தறியில் தாய் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த அவர், வாழ்நாள் முழுவதும் தறியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1924இல் முடிந்த அவரது தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். பழுதான துணி நெய்யப்படாது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929இல் அதன் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அவருடைய மகன் கீய்ச்சிரோ டொயோடா கார் தொழிலில் இறங்கினார்.

1949இல் பணவீக்கத்தை அடக்க எடுத்த கடும் நடவடிக்கைகளால் ஜப்பானில் கார் விற்பனை படுத்தது. 1950இல் டொயோட்டா ஆட்குறைப்பை அறிவித்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இறுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வெளியேறினார்கள். அதற்குப் பொறுப்பேற்றுக் கீய்ச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். எஞ்சியவர்களை இனி வெளியேற்றுவதில்லை என்ற புரிதல் அந்த வலியிலிருந்துதான் பிறந்தது. பின்னால் வந்த எல்லா முறைகளுக்கும் இதுவே அடித்தளம். தன் யோசனையால் தன் வேலையே போகும் என்ற அச்சம் இருந்த வரையில், எந்தப் பரிசும் டெய்லர் கண்ட மௌனத்தை உடைத்திருக்காது.

அதே ஆண்டு கோடையில் கீய்ச்சிரோவின் உறவினரான எய்ஜி டொயோடா அமெரிக்கா சென்று போர்டு ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். போர்டு நாளுக்கு எட்டாயிரம் வண்டி செய்த காலம் அது. டொயோட்டா செய்தது நாற்பது. அங்கிருந்த பெரும் இயந்திரங்களை வாங்க டொயோட்டாவிடம் பணம் இல்லை. ஆனால் போர்டில் இருந்த யோசனைத் திட்டத்தைக் கொண்டுபோகச் செலவு எதுவும் ஆகாது. 1951இல் டொயோட்டாவின் ‘ஆக்கச் சிந்தனை’ திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் வந்தவை 789 யோசனைகள். அவற்றில் ஏற்கப்பட்டவை கால் பங்குக்கும் குறைவு. 1986இல் வந்தவை 26 லட்சத்துக்கும் மேல். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏற்கப்பட்டன.

இந்த வளர்ச்சிக்குப் பரிசுப் பணம் காரணம் அல்ல. பெரும்பாலான யோசனைகளுக்குக் கிடைத்தது 500 யென் போன்ற சிறு தொகைதான். மாறியது யோசனையின் பாதை. அமெரிக்க முறையில் தாள் பெட்டிக்குள் விழுந்து, தொலைவில் இருந்த ஒரு குழுவிடம் போய், பல மாதம் கழித்துப் பெரும்பாலும் மறுப்போடு திரும்பியது. டொயோட்டாவில் அது முதலில் உடனடி மேற்பார்வையாளரின் கைக்குப் போனது. யோசனை அரைகுறையாக இருந்தால் அவர் கூடவே உட்கார்ந்து அதை முழுமையாக்க வேண்டும். சிறியதானால் அவரே ஒப்புதல் தரலாம். சொன்னவரே செய்து பார்க்கலாம். ஆட்களிடமிருந்து எத்தனை யோசனை வந்தது என்பது மேற்பார்வையாளரின் திறமைக்கும் அளவுகோலானது. இருக்கையை இரண்டு அங்குலம் நகர்த்துவது, திருகாணிப் பெட்டியைக் கை எட்டும் உயரத்தில் வைப்பது போன்ற சின்னஞ்சிறு மாற்றங்களே இவற்றில் மிகுதி. கண்டுபிடிப்பு என்று யாரும் பெயர் சூட்டாத இவை சேர்ந்துதான் ஒரு காருக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தன.

சாகிச்சியின் தறியில் இருந்த தத்துவமும் இங்கே வேறு உருவில் வந்தது. இயந்திரப் பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த தைய்ச்சி ஓனோ, குறை கண்டால் வரிசை முழுவதையும் நிறுத்தும் உரிமையைக் கடைநிலைத் தொழிலாளியிடம் கொடுத்தார். கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடி வருவார், தீராவிட்டால் வரிசை நிற்கும். பிறகு ‘ஏன்’ என்ற கேள்வியை ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைத் தேடுவார்கள். நின்றுபோன ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்று கருதிய அன்றைய கார் உலகில் இது பெரிய துணிச்சல்.

டொயோட்டாவுக்கு வெளியேயும் ஜப்பானில் இந்தப் போக்கு அமைப்பாகத் திரண்டது. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் டோக்கியோவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளின் நினைவாக ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கம் 1951இல் டெமிங் பரிசை நிறுவியது. 1962இல் கவோரு இஷிகாவாவின் முயற்சியால் தர வட்டங்கள் பிறந்தன. ஒரே பகுதியில் வேலை செய்யும் சிலர் ஒழுங்காகக் கூடி, வரைபடமும் கணக்கும் கொண்டு தங்கள் சிக்கலைத் தாங்களே ஆராய்வது இதன் முறை. புள்ளியியல் பொறியாளர்களின் அறையிலிருந்து ஆலைத் தளத்துக்கு இறங்கியதுதான் இதில் பெரிய செய்தி.

இது ஜப்பானியரின் குணம், பிறருக்கு வராது என்ற வாதம் நெடுங்காலம் பேசப்பட்டது. அதற்குக் கலிபோர்னியாவின் பிரீமான்ட் ஆலை விடை சொன்னது. தொழிலாளரும் நிர்வாகமும் ஓயாமல் மோதிக்கொண்டிருந்த அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து அதை மீண்டும் திறந்தன. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், தொழிற்சங்கமும் பழையதே. அவர்கள் கையில் வரிசையை நிறுத்தும் கயிறு வந்தது, வேலைக்குப் பாதுகாப்பும் வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த ஆலையின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு நிகராக நின்றது.

இந்தியாவில் ஜம்ஷெட்பூரின் டாட்டா எஃகு ஆலையில் 1930களிலேயே யோசனைத் திட்டம் இருந்தது. தர வட்டம் 1980இல் ஐதராபாத் பெல் ஆலையில் தொடங்கியது; 1982இல் அதற்கென இந்தியத் தர வட்ட மன்றம் உருவானது. ஆனால் ஜப்பானிய முறை ஆழமாக வேரூன்றியது சென்னையைச் சுற்றிய வாகன உதிரிபாக ஆலைகளில்தான். 1980களில் மாருதி வழியாக சுசூகி இந்தியாவுக்கு வந்ததும், 1991க்குப் பின் சந்தை திறந்ததும், நல்ல பொருள் செய்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையை உண்டாக்கின. பாடியில் 1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், வேணு சீனிவாசன் தலைமையில், பேராசிரியர் யோஷிகாசு சுடாவின் வழிகாட்டலில் இந்தப் பாதையில் இறங்கியது. 1998இல் அதன் பிரேக் பிரிவு டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவிலேயே அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுதான். 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டிவிஎஸ் மோட்டார், 2003இல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்புப் பிரிவும் ராணே பிரேக் லைனிங்ஸும் எனப் பரிசு தொடர்ந்தது. ஒரே நகரத்தின் தொழிற்குடும்பங்கள் ஐந்தாறு ஆண்டுக்குள் இத்தனை முறை இதைப் பெற்றது தமிழகத் தொழில் வரலாற்றில் பெருமையோடு சொல்ல வேண்டிய செய்தி.

பரிசுக்கான ஆய்வு பல ஆண்டுத் தயாரிப்பைக் கோரியது. தேர்வாளர்கள் தளத்துக்கே வந்து, இயந்திரத்தின் முன் நிற்பவரிடம் என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்பார்கள். அவரே விடை சொல்ல வேண்டும். இதற்காகவே பல ஆலைகள் புள்ளிவிவர வரைபடங்களைத் தமிழில் கற்பித்தன. ஷிப்ட் தொடங்குமுன் குழுவாக நின்று பேசும் பழக்கத்தையும் கொண்டுவந்தன.

அதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரங்களில் புதிய ஆலைகள் எழுந்தபோது, வரிசையில் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் வந்தார்கள். ஓர் இயந்திரத்தின் குணத்தைக் கற்றுத் தேறும் முன்பே ஒப்பந்தம் முடிந்து அவர்கள் வேறிடம் போகிறார்கள். இருக்கும் நாட்களிலும், தாங்கள் கண்ட விரைவான முறையைச் சொன்னால் அடுத்த ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கைதான் குறையும் என்று அஞ்ச அவர்களுக்கு நியாயமான காரணம் உண்டு. மிட்வேல் பட்டறையில் டெய்லர் கண்டதும் இதே கணக்குதான். நிரந்தரத் தொழிலாளிக்கு 1950இல் டொயோட்டா தந்த உறுதிக்கு ஈடான எதுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னும் வகுக்கப்படவில்லை.